மீன் இறங்குதளத்திலிருந்து கிளைமரம் வரை: இறால் இனங்களின் உறவை டிஎன்ஏ கொண்டு அறிய முழுமையான வழிகாட்டி

எதைக் கொடுத்தாலும் கணினி ஓர் உறவு மரத்தை வரைந்து தந்துவிடும். குப்பி மாறிப்போன இறாலுக்கும் ஒரு கிளை கிடைக்கும், தலைகீழாகக் கிடக்கும் டிஎன்ஏ எழுத்து வரிசைக்கும் ஒரு கிளை கிடைக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். மரம் வந்துவிட்டதே, வேலை சரியாகத்தான் நடந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். தவறு நடந்ததோ மூன்று மாதத்துக்கு முன்பு, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்.

விலங்கியல் அல்லது மீன்வளம் படிக்கும், டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் பிசிஆர் கருவியை ஒருமுறையாவது தொட்டிருக்கும் மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றுதான்: நம் கிழக்குக் கரையில் கிடைக்கும் பினேயஸ் இறால் இனங்கள். வேறு குழுவை ஆராய்பவருக்கும் படிகளின் வரிசை மாறாது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

"இறாலின் பரிணாமத்தைப் பார்க்கப்போகிறேன்" என்பதை வைத்துக்கொண்டு ஒரு பிரைமர்கூட (பெருக்க வேண்டிய துண்டின் முனையில் ஒட்டும் குட்டி டிஎன்ஏ) வாங்க முடியாது. கேள்வி எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் மரபணுவைத் தீர்மானிக்கும்.

இந்த இரண்டு இறாலும் ஒரே இனமா என்று கேட்டால், மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணு ஏறக்குறையப் போதும். ஒரு பேரினத்துக்குள் எந்த இனம் எதற்கு நெருக்கம் என்று கேட்டால், சிஓஐயோடு 16எஸ் என்னும் இன்னொரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவும், உட்கருவிலிருந்து குறைந்தது இரண்டு மரபணுக்களும் வேண்டும். குடும்பங்களுக்கு இடையிலான உறவு என்றால் சிஓஐயை நம்பிப் பயனில்லை. அவ்வளவு நெடுங்காலத்தில் ஒரே இடத்தில் எழுத்து பலமுறை மாறி, பழைய தடம் அழிந்துபோயிருக்கும்.

நம் எடுத்துக்காட்டுக் கேள்வி: பினேயஸ் ஒரே பேரினமா, ஆறா? 1997-இல் பெரெஸ் ஃபர்ஃபாந்தேயும் கென்ஸ்லியும் அதன் துணைப்பேரினங்களைத் தனிப் பேரினங்களாக உயர்த்தினார்கள். 2011-இல் உட்கரு மரபணுக்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒரே பேரினமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றது. இந்த வழக்கு நமக்கு எதற்கு என்றால், வனாமி இறால் பழைய கட்டுரைகளில் லிட்டோபினேயஸ் வனாமி என்றும் மற்றவற்றில் பினேயஸ் வனாமி என்றும் இருக்கும். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதித் தரவு கண்ணில் படாது.

2. கரைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால். ஃபார்மலின் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பிணைத்தும் துண்டாக்கியும் கெடுத்துவிடும். திருகுமூடிக் குப்பிகள், கத்தரி, இடுக்கி, அளவுகோல் வைத்துப் படம் எடுக்கக் கேமரா, ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்ஏஓவின் இன அடையாளக் கையேடு, பென்சில்.

பென்சிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மார்க்கர் மை எத்தனாலில் கரையும். என் முதல் பெட்டியில் பதினேழு குப்பிகள். பேருந்தில் ஒரு மூடி கசிந்து, ஊர் வந்து சேர்ந்தபோது பதினேழும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. அன்றிலிருந்து தடித்த தாளில் பென்சிலால் எண் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுகிறேன். வெளியே எழுதுவது கூடுதல் வசதிக்கு மட்டும்.

நாள்காட்டியையும் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆய்வேட்டை ஜூலையில் முடிக்க வேண்டியவர் மே மாதம் மாதிரி எடுக்கலாம் என்று திட்டம் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், உயிரியல் பன்மயச் சட்டம், 2002-இன் கீழ் என்ன ஒப்புதல் தேவை என்று முதலிலேயே விசாரியுங்கள். தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

3. வெளிக்குழுவை முதலிலேயே தேர்ந்தெடுங்கள்

வெளிக்குழு என்பது நாம் ஆராயும் கூட்டத்துக்கு வெளியே, ஆனால் பக்கத்திலேயே இருக்கும் உறவு. மரத்தின் வேர் எந்தப் பக்கம் என்று காட்டுவது அதுதான். பெரும்பாலோர் இதைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டு, அப்போது கையில் கிடைத்ததைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படி அதிகமாகச் சேர்க்கப்படுவது நன்னீர் இறால், மேக்ரோபிராக்கியம். குழம்புச் சட்டியில் இரண்டும் இறால்தான், ஆனால் பரிணாமத்தில் இல்லை. பினேயஸ் குடும்பம் டெண்ட்ரோபிராங்கியாட்டா என்னும் பெருங்கிளையைச் சேர்ந்தது. மேக்ரோபிராக்கியம் இருப்பது ப்ளியோசைமாட்டா என்னும் மறு கிளையில். நண்டும் சிங்கி இறாலும் அந்த மறு கிளையில்தான் உள்ளன. ஆக, நன்னீர் இறாலுக்குப் பினேயஸைவிட நண்டு நெருங்கிய சொந்தம். இவ்வளவு தூரத்து உறவை வெளிக்குழுவாக வைத்தால், அதன் நீண்ட கிளை உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நீண்ட கிளையோடு தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். வேர் தப்பான இடத்தில் விழும், அதோடு கதையே மாறிவிடும்.

பினேயஸுக்கு அதே குடும்பத்து வேறு பேரினங்கள் போதும். மெட்டாபினேயஸ் டாப்சோனை, மெட்டாபினேயஸ் அஃபினிஸ் இரண்டும் நம் கரையிலேயே கிடைக்கும். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று வையுங்கள். ஒன்றில் பிசிஆர் வேலை செய்யாமல் போனாலும் வேலை நிற்காது.

4. மாதிரி எடுத்தல்: பெயர் வைத்த பிறகே வெட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். டிஎன்ஏ எடுத்த பிறகு அது எந்த இறாலிலிருந்து வந்தது என்று காட்ட உடல் இல்லையென்றால், அந்த வரிசை அநாதை.

கரையில் சொல்லும் பெயரை நம்பி எழுதாதீர்கள். விற்பவருக்கு அளவும் விலையும்தான் கணக்கு. "வெள்ளை இறால்" என்று வாங்கிய கூடையில் பினேயஸ் இண்டிகஸும் பினேயஸ் மெர்கியென்சிஸும் கலந்திருக்கலாம். வளர்ந்த மெர்கியென்சிஸின் தலைக்கு முன்னால் நீளும் கொம்பு அடியில் முக்கோண மேடாக உயர்ந்திருக்கும், இண்டிகஸுக்கு அவ்வளவு உயராது. சின்ன இறாலில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாது, அதனால் வளர்ந்தவற்றையே எடுங்கள்.

"டைகர்" என்பதும் அப்படித்தான். பினேயஸ் மோனோடானையும் பினேயஸ் செமிசல்கேட்டஸையும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயன்று தோற்றவர்கள் பலர், ஐஸில் கிடந்தால் நிறம் மங்கிவிடும். ஐந்தாவது நடைக்காலைப் பாருங்கள். அதன் அடியில் சிறிய புறக்கிளை இருந்தால் செமிசல்கேட்டஸ், இல்லையென்றால் மோனோடான். கைலென்ஸ் ஒன்று போதும்.

ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது மூன்று இறால், முடிந்தால் இரண்டு இறங்குதளங்களிலிருந்து. மண்டபத்தில் இரண்டு, தூத்துக்குடியில் ஒன்று என்பது போல. ஒன்றே ஒன்று எடுத்தால், அதில் நடந்த பிழையைப் பிடிக்க ஒப்பிட வேறு எதுவும் இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. பினேயஸ் ஜப்பானிக்கஸ் என்று நெடுங்காலம் ஒன்றாக எண்ணப்பட்டதில் இரண்டு இனங்கள் இருந்தன. 2014-இல் இரண்டாவதற்குப் பினேயஸ் பல்கிரிகாடேட்டஸ் என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். ஒரே இடத்தில் ஒரே ஓர் இறாலை எடுத்திருந்தால் அது தெரிந்திருக்காது.

வனாமியைப் பண்ணையிலிருந்து வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதன் பூர்விகம் பசிபிக்கின் கிழக்குக் கரை, இங்கே வளர்வது இறக்குமதித் தாய் இறால்களின் வாரிசு. இன மரத்தில் அதற்கு இடம் உண்டு. வங்கக் கடலின் பரவலைப் பற்றி அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது.

வெட்டும் முன் பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுங்கள். கொம்பின் பற்களை எண்ணி எழுதுங்கள். பெண் என்றால் தெலிக்கம், ஆண் என்றால் பெட்டாஸ்மா, இரண்டையும் அருகில் வைத்துப் படம் எடுங்கள். பினேயஸ் வகைப்பாட்டின் பாதி வாதம் இந்த இனப்பெருக்க உறுப்புகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

5. எந்தத் திசு, எவ்வளவு

வயிற்றுப்பகுதித் தசையில் அரிசி மணி அளவு, அல்லது ஒரு நீச்சல் கால். காலை வெட்டுவதானால் மூன்றாவது இணையிலிருந்து எடுங்கள். முதல் இணையை வெட்டினால் ஆணின் பெட்டாஸ்மா அதோடு போய்விடும், அடையாளம் காட்டும் உறுப்பை நாமே அழித்தவர்கள் ஆவோம். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வெட்டுவது நல்ல வழக்கம். மறுபக்கம் முழுமையாக இருக்கும்.

தலைப்பகுதியைத் தொடாதீர்கள். செரிமானச் சுரப்பியில் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்திருக்கின்றன, கண்ணில் பிசிஆரைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. குடலில் அது தின்றதன் டிஎன்ஏ வேறு.

திசுவைப் போல பத்து மடங்கு எத்தனால் ஊற்றுங்கள். மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். தசையிலிருந்து வெளியேறும் நீர் முதல் எத்தனாலை நீர்க்கச் செய்திருக்கும், அதைப் பார்க்காமல் விட்டால் உள்ளே மெல்ல அழுகும். பிறகு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். மிச்ச உடலை அதே எண்ணோடு தனி ஜாடியில் பாதுகாக்க வேண்டும். அதுதான் வவுச்சர்.

6. டிஎன்ஏ பிரித்தல்

இதில் பெரிய ரகசியம் இல்லை. கிட் இருந்தால் கிட், இல்லையென்றால் சிடிஏபி அல்லது ஃபீனால்-குளோரோஃபார்ம் முறை. திசுவிலிருந்து எத்தனாலை நன்றாக உலரவிட்ட பிறகு தொடங்குங்கள், மிச்ச எத்தனால் புரோட்டினேஸ்-கே நொதியைத் தடுக்கும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260க்கு 280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-இலிருந்து 2.0-க்குள் இருந்தால் போதும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் திசு போடாத ஒரு வெற்றுக் குப்பியைக் கடைசிவரை கொண்டுபோங்கள். அதிலும் பிசிஆரில் பட்டை (பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் காட்டும் கோடு) வந்தால் அன்றைய தொகுப்பு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். மனசு கேட்காது, ஆனாலும் போட வேண்டும்.

முதலில் நான்கே நான்கு இறாலை மட்டும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அறுபதையும் ஒரே நேரத்தில் தொடங்கி, பிரைமர் ஒட்டவில்லை என்று அறுபதாவது குப்பியில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

7. மரபணுக்களும் பிசிஆரும்

சிஓஐக்கு 1994-இல் வெளியான ஃபோல்மர் பிரைமர்கள், எல்சிஓ1490-உம் எச்சிஓ2198-உம். கிடைக்கும் துண்டு ஏறக்குறைய 710 எழுத்து, பிரைமர் நீக்கினால் 658. 16எஸ்ஸுக்கு 16எஸ்-ஏஆர், 16எஸ்-பிஆர், துண்டு ஐந்நூற்றுச் சொச்சம். உட்கருவுக்குப் பெப்சிகே எனப்படும் பாஸ்போஈனால்பைருவேட் கார்பாக்ஸிகைனேஸ் மரபணுவும், சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் மரபணுவும். பத்துக்கால் ஓட்டுயிரிகளில் நன்றாகப் பழகிய மரபணுக்கள் இவை.

மைட்டோகாண்ட்ரியா மட்டும் ஏன் போதாது? அது தாய்வழி மட்டுமே வருவது. சிஓஐ, 16எஸ் என்று இரண்டு பெயர் இருந்தாலும் இரண்டும் ஒரே டிஎன்ஏ வளையத்தில் சேர்ந்தே பயணிப்பவை. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அது ஒரு சாட்சியைத்தான் இரண்டு முறை விசாரித்ததாகும்.

சிஓஐக்கு 94 டிகிரியில் மூன்று நிமிடம், பிறகு 94-இல் 30 நொடி, 48-இல் 45 நொடி, 72-இல் ஒரு நிமிடம் என 35 சுற்று, கடைசியில் 72-இல் பத்து நிமிடம். தொடங்க இது நல்ல இடம். பட்டை வரவில்லை என்றால் உடனே வெப்பத்தைக் குறைக்காதீர்கள். முதலில் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். பல நேரம் தடை டிஎன்ஏவோடு வந்த அழுக்கில் இருக்கும். வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பட்டை வரும், ஆனால் யாருடைய பட்டை என்று தெரியாது. ஃபோல்மர் பிரைமர்கள் ஊருக்கெல்லாம் பொது, ஒட்டுண்ணிக்கும் ஒட்டும்.

8. குரோமட்டோகிராமைக் கண்ணால் பாருங்கள்

சீக்வென்ஸ் செய்வது என்றால் டிஎன்ஏவின் எழுத்துகளைப் படிப்பது; ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் படம்தான் குரோமட்டோகிராம். இரு திசையிலும் சீக்வென்ஸ் செய்யச் சொல்லுங்கள். ஒரு திசை மட்டும் போதும் என்று மிச்சம் பிடிப்பவர் பின்னால் அதைவிட அதிகம் செலவழிப்பார். ஒவ்வொரு வாசிப்பிலும் தொடக்கமும் முடிவும் கலங்கலாகவே இருக்கும், அந்தப் பகுதியை எதிர்த்திசை வாசிப்புதான் தெளிவுபடுத்தும்.

எதிர்த்திசை வாசிப்பைத் திருப்பி, எதிர் எழுத்துகளாக்கிய பிறகே முன்திசையோடு இணைக்க வேண்டும். இதை மறந்தால் அந்த ஓர் இறால் மட்டும் மரத்தில் ஊரைவிட்டு ஓடிய கிளைபோல நீண்டு நிற்கும். "புதிய இனம்" என்று மகிழ்ந்து என்னிடம் காட்டப்பட்ட கிளைகளில் இரண்டு இப்படிப்பட்டவை.

இரட்டை முகடுகளை எப்படிப் படிப்பது என்பதில் பலர் குழம்புகிறார்கள். உட்கரு மரபணுவில் ஓர் இடத்தில் சம உயரத்தில் இரண்டு முகடு வந்தால் அது இயல்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சியும் டியும் என்றால் ஒய், ஏயும் ஜியும் என்றால் ஆர் என்று குறியுங்கள், உங்கள் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் அதே இரட்டை முகடுகள் வந்தால் அது எச்சரிக்கை. மாதிரி கலந்திருக்கலாம், அல்லது அடுத்த பகுதியில் வரும் பேர்வழி உள்ளே இருக்கலாம்.

9. போலி மரபணுவைப் பிடித்தல்

மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் சில நேரம் உட்கருவின் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே வேலையில்லாமல் தம் போக்கில் மாறிக்கொண்டிருக்கும். நம் பிரைமர் அவற்றையும் பெருக்கிவிடும். அல்ஃபியஸ் என்னும் சொடுக்கு இறால்களில் இவை எங்கும் நிறைந்திருப்பதை 2001-இலேயே காட்டியிருக்கிறார்கள். 2008-இல் வெட்டுக்கிளியிலும் நன்னீர்க் கிரேஃபிஷிலும் செய்த ஆய்வு, இவற்றைக் கவனிக்காவிட்டால் இல்லாத இனங்கள் கணக்கில் ஏறிவிடும் என்று காட்டியது.

பிடிக்கும் வழி, சிஓஐயைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்ப்பது. கோடான் என்பது புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்து. இடையில் நிறுத்தக் கோடான் வந்தாலோ, ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ வரிசை சட்டகம் நழுவினாலோ அது போலி. ஆனால் மொழிபெயர்ப்பதிலேயே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

ஒன்று, குறியீட்டு அட்டவணை. மென்பொருள் தானாக எடுப்பது பொது அட்டவணை. அதில் டிஜிஏ என்றால் நிறுத்தம். முதுகெலும்பற்ற விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் டிஜிஏ என்றால் டிரிப்டோஃபான். எனவே ஐந்தாம் எண் அட்டவணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் எண் முதுகெலும்பிகளுக்கானது, அதில் ஏஜிஏவும் ஏஜிஜியும் நிறுத்தங்கள், இறாலுக்கோ அவை செரின்.

இரண்டு, தொடங்கும் இடம். பிரைமர் நீக்கிய 658 எழுத்துத் துண்டின் முதல் எழுத்து ஒரு கோடானின் மூன்றாவது எழுத்து. அதை விட்டுவிட்டு இரண்டாவது எழுத்திலிருந்து படித்தால் சரியாக 219 கோடான்கள். முதல் எழுத்திலிருந்தே படித்துவிட்டு, அறுபது இறாலும் போலி மரபணு என்று அழாக்குறையாக வந்த மாணவியை எனக்குத் தெரியும்.

நிறுத்தக் கோடான் இல்லாததால் மட்டும் அது உண்மையான மரபணு என்று ஆகிவிடாது. அண்மையில் குடிபோன துண்டில் இன்னும் பிழை சேர்ந்திருக்காது. சந்தேகம் வந்தால் தசையிலிருந்து மீண்டும் டிஎன்ஏ எடுத்து, வேறு பிரைமர் இணையால் பெருக்கிப் பாருங்கள். தசையில் மைட்டோகாண்ட்ரியா அதிகம், உண்மைப் பிரதி போலியை எண்ணிக்கையில் அமுக்கிவிடும்.

10. ஜென்பேங்கிலிருந்து கடன் வாங்குதல்

நமக்குக் கிடைக்காத இனங்களின் வரிசைகளை ஜென்பேங்க் என்னும் பொது டிஎன்ஏ தரவுத்தளத்திலிருந்து எடுப்போம். முதலில் நம் வரிசைகளை, ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் கருவியில் போட்டுப் பாருங்கள். மனித டிஎன்ஏவோ பாக்டீரியாவோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் பட்டியலில் முதலில் வரும் பெயரை அப்படியே இனப்பெயராக எழுதிவிடாதீர்கள். அதைப் பதிந்தவரும் ஏலக்கூடத்தில் கேட்ட பெயரை எழுதியிருக்கலாம். ஒற்றுமைச் சதவீதத்தோடு எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும், பின்வரும் பத்துப் பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பாருங்கள்.

சிஓஐ என்று தலைப்பிட்டவை எல்லாம் ஒரே பகுதி அல்ல. முழு மரபணு ஆயிரத்து ஐந்நூறு எழுத்தைத் தாண்டும். ஃபோல்மர் துண்டு அதன் முன்பாதி, பழைய இறால் வரிசைகளில் பின்பாதியும் கிடக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டால் பொருந்தாததை மென்பொருள் இழுத்துப் பொருத்தும். தவிர்க்க வழி: முழு மைட்டோகாண்ட்ரியா வரிசை ஒன்றை அளவுகோலாக வையுங்கள். 2000-இல் வெளியான பினேயஸ் மோனோடானின் வரிசை 15,984 எழுத்து நீளம். ஒவ்வொரு கடன் வரிசையும் அதில் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகு சேருங்கள்.

ஒரே இறாலிலிருந்து வந்த சிஓஐயும் 16எஸ்ஸும் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை. ஓர் இறாலின் சிஓஐயையும் அதே பெயருள்ள இன்னோர் இறாலின் 16எஸ்ஸையும் ஒட்டினால், ஜப்பானிக்கஸ் போன்ற இடத்தில் இரண்டு இனத்தை ஒட்டி ஒரு பிராணியைச் செய்துவிடுவோம்.

11. வரிசைகளை நேர்ப்படுத்துதல்

நேர்ப்படுத்துவது என்றால், ஒரே மூதாதை எழுத்திலிருந்து வந்த எழுத்துகள் ஒரே நெடுவரிசையில் நிற்கும்படி வைப்பது. மரம் பார்ப்பது இந்த நெடுவரிசைகளைத்தான், இறாலை அல்ல.

சிஓஐயும் உட்கரு மரபணுக்களும் புரதம் செய்பவை. மாஃப்ட் என்னும் நேர்ப்படுத்தும் மென்பொருளில் போட்டால் இடைவெளியே இல்லாமல் நிற்க வேண்டும். ஓர் எழுத்து இடைவெளி வந்தால் குரோமட்டோகிராமுக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் படிக்கும்போது நடந்த பிழையாகவே இருக்கும். 16எஸ் வேறு மாதிரி. அதன் வளையப் பகுதிகளில் எழுத்துகள் உண்மையிலேயே கூடும் குறையும். அங்கே நிச்சயமற்ற நெடுவரிசைகளை டிரிம்ஏஎல் போன்ற கருவியால் நீக்குங்கள். நீக்கியும் நீக்காமலும் மரம் போட்டு ஒப்பிடுங்கள், கிளை மாறினால் அந்தக் கிளையைப் பற்றி உறுதியாகப் பேச வேண்டாம்.

நேர்ப்படுத்திய கோப்பை வண்ணத்தில் திறந்து, வரிவரியாக ஒருமுறை கண்ணால் ஓடவிடுங்கள். அரை மணி நேர வேலை. தலைகீழ் வரிசை, நீக்காத பிரைமர், பாதியில் கலங்கிய வரிசை எல்லாம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

12. முதலில் தனித்தனி மரம், அப்புறம் இணைப்பு

எல்லா மரபணுக்களையும் ஒட்டி ஒரே மரம் போடும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. பொறுங்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மரம் போட்டு அருகருகே வையுங்கள். இண்டிகஸ் இறால் ஒன்று 16எஸ் மரத்தில் மட்டும் மோனோடான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அது பரிணாமப் புதிர் அல்ல. பிசிஆர் தட்டில் பக்கத்துக் குழி. ஒட்டிய மரத்தில் இந்தப் பிழை சராசரியில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பிழைகளை நீக்கிய பிறகும் மைட்டோகாண்ட்ரியாவும் உட்கருவும் வேறு வேறு கதை சொன்னால், அதுதான் நீங்கள் எழுத வேண்டிய விஷயம். மறைக்காதீர்கள்.

இணைக்கும்போது பிரிவுக் கோப்பு ஒன்று எழுதுங்கள். சிஓஐயின் முதல், இரண்டாம், மூன்றாம் கோடான் இடங்கள் தனித்தனியாக, 16எஸ் தனியாக, உட்கரு மரபணுக்கள் தனியாக. மூன்றாவது இடம் மற்ற இரண்டைவிட மிக வேகமாக மாறுவது, எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் என்று கணக்குப் போட்டால் நீண்ட கிளைகள் ஒன்றை ஒன்று இழுக்கும்.

13. மரம் போடுதல்

ஐக்யூ-ட்ரீ மென்பொருள் போதும், சாதாரண மடிக்கணினியில் ஓடும். அதிலுள்ள மாடல்ஃபைண்டர் ஒவ்வொரு பிரிவுக்கும் பொருத்தமான எழுத்து மாற்ற மாடலைத் தானே தேர்ந்தெடுக்கும். அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 1,000 முறை, கூடவே எஸ்எச்-ஏஎல்ஆர்டி சோதனை. ஒவ்வொரு கிளையையும் தரவு எவ்வளவு ஆதரிக்கிறது என்று எண்ணில் சொல்பவை இவை.

இங்கே எண்களைப் படிப்பதில்தான் தவறு. பழைய பூட்ஸ்ட்ராப்பில் 70 என்றால் பரவாயில்லை என்று படித்திருப்போம். அல்ட்ராஃபாஸ்ட்டின் அளவுகோல் வேறு: 95-உம் அதற்கு மேலும் என்றால்தான் நம்பலாம், எஸ்எச்-ஏஎல்ஆர்டி 80-க்குக் குறையக் கூடாது. அல்ட்ராஃபாஸ்ட்டில் 75 வாங்கிய கிளையை "நல்ல ஆதரவு" என்று எழுதிய ஆய்வேடுகள் எத்தனையோ.

மிஸ்டர்பேயஸ் என்னும் வேறு மென்பொருளில் இன்னொரு மரம் போட்டு ஒப்பிடுவது நல்லது. இரண்டு ஓட்டங்களின் பிளவு விலகல் (இரண்டும் தரும் மரங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது) 0.01-க்குக் கீழே இறங்கும்வரை நிறுத்தாதீர்கள், முதல் 25 சதவீதத்தை ஒதுக்குங்கள். மெகா மென்பொருளில் போடும், வரிசைகளின் மொத்த வேறுபாட்டை மட்டும் பார்க்கும் நெய்பர்-ஜாய்னிங் மரம் இனம் காண உதவும். பேரினம் ஒன்றா ஆறா என்று தீர்க்க அதைக் கொண்டுவராதீர்கள்.

14. மரத்தைப் படித்தல்

ஐக்யூ-ட்ரீ தருவது வேரில்லாத மரம். மரத்தைக் காட்டும் ஃபிக்ட்ரீ மென்பொருளில் திறந்ததும் இடப்பக்கம் தெரிவதை வேர் என்று எண்ணிவிடாதீர்கள். மெட்டாபினேயஸ் கிளையைத் தேர்ந்தெடுத்து, அங்கே வேரூன்றச் செய்யுங்கள்.

மேலும் கீழுமாக அடுத்தடுத்து எழுதப்பட்ட பெயர்கள் நெருங்கிய உறவு என்று அர்த்தமில்லை. எந்தக் கணுவிலும் கிளைகளைச் சுழற்றலாம், உறவு மாறாது. இரண்டு இனத்திலிருந்தும் பின்னோக்கி நடந்து எந்தக் கணுவில் சந்திக்கின்றன என்று பாருங்கள், அதுதான் உறவின் அளவு. ஆதரவு குறைந்த கணுக்களை மடித்து, பல கிளைகள் ஒரே இடத்தில் பிரிவதாகவே காட்டுங்கள்.

நம் கேள்விக்குத் திரும்பினால், பார்க்க வேண்டியவை இரண்டு. வெளிக்குழுவைத் தவிர்த்த பினேயஸ் எல்லாம் ஒரே கிளையில் சேர்கிறதா? பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பேரினமும் தனக்குள் முழுமையாக நிற்கிறதா, அல்லது ஒன்றுக்குள் இன்னொன்று புகுந்திருக்கிறதா? கிழக்குக் கரையின் ஐந்தாறு இனத்தை மட்டும் வைத்து இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது, ஒவ்வொரு பேரினத்திலும் குறைந்தது இரண்டு மூன்று இனம் வேண்டும். அதற்குத்தான் பத்தாவது படியில் கடன் வாங்கினோம்.

15. காலக் கணக்கு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். சிஓஐ பத்து லட்சம் ஆண்டுக்கு 1.4 சதவீதம் வேறுபடும் என்ற எண்ணை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அது பனாமா நிலச்சந்தியின் இரு பக்கமும் பிரிந்துபோன அல்ஃபியஸ் சொடுக்கு இறால் இணைகளிலிருந்து வந்தது. அந்த ஆய்விலேயே வெவ்வேறு இணைகளின் வேறுபாடு ஒரே அளவில் இல்லை, எல்லா இணையும் நிலச்சந்தி மூடிய நாளில்தான் பிரிந்தது என்று இல்லை. வேறொரு பெருங்கிளையைச் சேர்ந்த பினேயஸுக்கு அந்த எண்ணை அப்படியே போட்டு, இத்தனை லட்சம் ஆண்டு என்று தசமப் புள்ளியோடு எழுதுவது கணக்குக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். கட்டாயம் வேண்டுமென்றால் புதைபடிவச் சான்றோடு பீஸ்ட் மென்பொருளில் செய்து, வீச்சை முழுதாக எழுதுங்கள்.

16. பதிவிட்டு வைத்தல்

வரிசைகளை ஜென்பேங்கில் ஏற்றும்போது வவுச்சர் எண், இறங்குதளம், நாள் மூன்றையும் நிரப்புங்கள். சிஓஐக்கு அங்கேயும் ஐந்தாம் அட்டவணை கேட்கும். நேர்ப்படுத்திய கோப்பு, பிரிவுக் கோப்பு, குரோமட்டோகிராம்கள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். கட்டுரை மதிப்பீட்டாளர் ஓராண்டு கழித்துத்தான் "ஏழாம் எண் இறால் உண்மையில் மெர்கியென்சிஸ்தானா?" என்று கேட்பார். அன்றைக்கு ஜாடியைத் திறந்து கொம்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் ஆய்வகத்தில் அலமாரி காலி செய்யும்போது அந்த ஜாடிகள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று உங்களுக்கு அடுத்து வரும் மாணவருக்கும் சொல்லி வையுங்கள்.